உறைபழ இறக்குமதி: துறைமுகச் சான்றோடு பொறுப்பு முடிவதில்லை

உறைய வைத்த புளூபெரி, ராஸ்பெரி, ஸ்ட்ராபெரி போன்ற பழங்களை வெளிநாட்டிலிருந்து தருவித்து ஐஸ்கிரீம் தயாரிப்பாளர்களுக்கும் பேக்கரிகளுக்கும் விற்க விரும்புவோர், விலை பேசுவதற்கு முன்பே இரண்டு ஆவணங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஒன்று, வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் வழங்கும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண். மற்றொன்று, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வழங்கும் மத்திய உரிமம். உள்ளூர் உணவு வணிகர்களில் சிறியவர்களுக்குப் பதிவுச் சான்று மட்டும் போதும் என்ற சலுகை உண்டு; இறக்குமதியாளருக்கு அது கிடையாது. அவருடைய விற்றுவரவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மத்திய உரிமம் கட்டாயம். சரக்கை இருப்பு வைக்கும் குளிர்க்கிடங்கு வேறு முகவரியில் இருந்தால் அந்த இடத்துக்குத் தனி உரிமம் வேண்டும்.

உறைபழங்கள் சுங்கத் தீர்வைப் பட்டியலில் 0811 என்ற தலைப்பின்கீழ் வருகின்றன. சர்க்கரை சேர்த்திருந்தாலும் சேர்க்காவிட்டாலும் தலைப்பு அதுவே. அமெரிக்காவுடன் இருந்த வணிகத் தகராறு 2023இல் தீர்ந்ததைத் தொடர்ந்து, உறைந்த புளூபெரிக்கும் கிரான்பெரிக்கும் அடிப்படைச் சுங்கத் தீர்வை 30 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இத்தகைய அறிவிக்கைகள் மாறக்கூடியவை என்பதால், ஆர்டர் கொடுக்கும் நாளில் நடப்பில் உள்ள விகிதத்தைச் சுங்க முகவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

உணவு இறக்குமதிக்கான ஒழுங்குமுறை விதிகள் 2017இல் வெளியிடப்பட்டவை. அவற்றில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் விதி, பொருளின் எஞ்சிய ஆயுள் பற்றியது. இறக்குமதியின்போது மொத்த ஆயுளில் 60 சதவீதம் அல்லது காலாவதிக்கு முன் மூன்று மாதம், இவற்றில் எது குறைவோ அது மிஞ்சியிருக்க வேண்டும். உறைபழங்களுக்கு இரண்டு ஆண்டு ஆயுள் குறிப்பிட்டிருப்பதாக வைத்துக்கொண்டால், 60 சதவீதம் என்பது பதினான்கு மாதங்களுக்கும் மேல். மூன்று மாதமே குறைவான அளவு என்பதால் சட்டப்படி அதுவே போதும். ஆனால் மூன்று மாதமே மிஞ்சிய சரக்கைச் சந்தையில் விற்றுத் தீர்ப்பது கடினம் என்பதையும், சட்டம் அனுமதிக்கிறது என்று சொல்லி விற்பவர் பழைய இருப்பைத் தள்ளிவிடக்கூடும் என்பதையும் வாங்குபவர் மறக்கக்கூடாது.

அடுத்தது லேபிள். இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், ஆணையத்தின் இலச்சினையும் உரிம எண்ணும், சைவ உணவுக் குறியீடு ஆகியவை விடுபட்டிருந்தால், சுங்கக் கட்டுப்பாட்டில் உள்ள கிடங்கிலேயே பிரித்தெடுக்க முடியாத ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்ய அனுமதி உண்டு. தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, தொகுதி (பேட்ச்) எண் ஆகியவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இவை தயாரிப்பாளரின் அச்சிலேயே இருந்தாக வேண்டும். ஆகவே கப்பல் புறப்படுவதற்கு முன்பே அட்டைப்பெட்டியின் லேபிள் படத்தை வரவழைத்து வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். உலர்ந்த சரக்கு துறைமுகத்தில் காத்திருந்தால் வாடகை மட்டுமே ஏறும். உறைந்த சரக்கு காத்திருக்கும்போதோ ரீஃபர் எனப்படும் குளிரூட்டும் கண்டெய்னருக்கு ஒவ்வொரு மணி நேரமும் மின் இணைப்பு வேண்டும். அதன் கட்டணமும் சேர்ந்துகொள்ளும்.

சென்னை, தூத்துக்குடி, கொச்சி, மும்பை, கொல்கத்தா, டெல்லி ஆகிய இடங்களில் ஆணையத்தின் சொந்த அதிகாரிகளே சரக்கைப் பரிசீலிக்கின்றனர். அவர்கள் முதலில் ஆவணங்களையும், பிறகு பெட்டியின் நிலை, லேபிள், எஞ்சிய ஆயுள் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். மாதிரி எடுக்கப்பட்டால் அது இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒன்று ஆய்வகத்துக்குச் செல்லும். மற்றது அதிகாரியிடம் இருக்கும். ஆய்வகம் ஐந்து நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவு பாதகமானால், மேல் ஆய்வகத்தில் மறுபரிசோதனை கோர 15 நாள் அவகாசம் உண்டு. எல்லாம் சரியானால் தடையின்மைச் சான்று கிடைக்கும்.

பல வணிகர்கள் அந்தச் சான்றோடு சட்டத்தின் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். அதிகாரி பார்ப்பது அன்றைய நிலையை மட்டுமே. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006இன் 27ஆவது பிரிவு, தயாரிப்பாளரின் பாதுகாப்பு அறிவுறுத்தலுக்கு மாறாக உணவை இருப்பு வைக்கும் அல்லது அனுப்பும் மொத்த வியாபாரியையும் விநியோகஸ்தரையும் பொறுப்பாளியாக்குகிறது. பெட்டியின்மேல் 'மைனஸ் 18 டிகிரியில் வைக்கவும்' என்று அச்சிட்டிருந்தால், அது அவர்களைக் கட்டுப்படுத்தும் நிபந்தனை என்றே கொள்ள வேண்டும்.

பன்னாட்டு உணவுத் தரநிலை அமைப்பான கோடெக்ஸ், உறைந்த உணவுக்காக வகுத்த நடைமுறை நெறியும் மைனஸ் 18 டிகிரி செல்சியஸையே அடிப்படையாகக் கொள்கிறது. போக்குவரத்தில் சிறிதளவும், கடையின் காட்சிப் பெட்டியில் மைனஸ் 12 வரையும் தற்காலிகமாக ஏறுவதற்கு இடம் தருகிறது. குளிர்வாகனம் ஏற்கெனவே உறைந்த சரக்கை அதே குளிரில் காப்பதற்காக அமைக்கப்பட்டது. வழியில் இளகியதை மீண்டும் உறைய வைக்கும் திறன் அதற்கு இல்லை. ஆகவே சரக்கை ஏற்றுமுன் வண்டியின் உட்புறத்தைக் குளிர வைப்பதும், சுவருக்கும் பெட்டிக்கும் இடையே காற்று ஓட இடைவெளி விடுவதும், வெப்பநிலையைப் பதிவுசெய்யும் டேட்டா லாகரை ஒவ்வொரு பயணத்திலும் வைப்பதும் அவசியம். பழங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருப்பதும், பைக்குள் பனித்தூள் படிந்திருப்பதும் இடையில் இளகியதற்கான அடையாளங்கள். அத்தகைய பெட்டியைப் பெறுபவர் வெப்பநிலைப் பதிவைக் கேட்காமல் கையெழுத்திடக் கூடாது.

குளிர் எல்லாவற்றையும் காத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். உறைய வைப்பதால், வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் நோரோ வைரஸும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் அழிவதில்லை. 2012இல் ஜெர்மனியின் கிழக்குப் பகுதிகளில், பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகளாக, ஏறத்தாழ 11,000 பேர் வயிற்றுப்போக்கும் வாந்தியும் கண்டதற்கு இறக்குமதியான உறைந்த ஸ்ட்ராபெரிகளே காரணம் என்று கண்டறியப்பட்டது. எனவே பண்ணையின் நீர், பறிப்பவர்களின் கைச்சுத்தம் பற்றிய சான்றுகளை ஏற்றுமதியாளரிடம் கேட்பதும், சமைக்காமல் ஜூஸிலும் மில்க் ஷேக்கிலும் சேர்க்கும் வாடிக்கையாளரை எச்சரிப்பதும் இறக்குமதியாளரின் கடமை. எந்தத் தொகுதி எண் எந்தக் கடைக்கு எந்த நாளில் சென்றது என்ற பதிவேடும் வேண்டும். சட்டத்தின் 28ஆவது பிரிவின்படி பாதுகாப்பற்ற உணவைத் திரும்பப் பெற நேர்ந்தால், அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் பெட்டிகளைத் தேடிச் செல்ல முடியும்.