நியூஹேவன் மீன்காரப் பெண்களும் காலோடைப் படங்களின் வேதியியலும்

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரை ஒட்டி, ஃபோர்த் கழிமுகக் கரையில் அமைந்த மீனவக் குடியிருப்பு நியூஹேவன். ஆண்கள் பிடித்து வந்த மீனைக் கூடையில் நிரப்பி, அதன் பட்டையை நெற்றியில் மாட்டி, முதுகில் சுமந்து சென்று நகரத் தெருக்களில் கூவி விற்றவர்கள் அவ்வூர்ப் பெண்கள். ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லும் இளைஞர் ராபர்ட் ஆடம்சனும் 1840களின் நடுவில் இவர்களை எடுத்த படங்கள், உழைக்கும் மக்களைப் பதிவுசெய்த மிகத் தொடக்ககாலப் புகைப்படங்களுள் அடங்கும். அவற்றின் அழகுக்கு ஹில்லின் ஓவியக் கண்ணே காரணம் என்று சொல்வது எளிது. அதில் வேதியியலுக்கும் சம பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

அவர்கள் கையாண்டது காலோடைப், அதாவது தாளில் படம் பதியும் முறை; அதைக் கண்டுபிடித்த ஆங்கிலேயர் டால்பட் அதற்கு 1841இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றிருந்தார். ஸ்காட்லாந்தில் அது செல்லாது என்பதால் ஆடம்சன் தடையின்றித் தொழில் செய்ய முடிந்தது. நல்ல எழுதுதாளில் வெள்ளி நைட்ரேட்டையும் பொட்டாசியம் அயோடைடையும் அடுத்தடுத்து ஏற்றினால் தாளின் இழைகளுக்குள் வெள்ளி அயோடைடு உருவாகும். படமெடுப்பதற்குச் சற்று முன், வெள்ளி நைட்ரேட்டும் காலிக் அமிலமும் கலந்த கரைசலை அதன்மேல் பூசுவார்கள். நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் மாசிக்காயில் நிறைந்திருக்கும் துவர்ப்புப் பொருளிலிருந்து பெறப்படுவதே இந்தக் காலிக் அமிலம்.

கேமராவிலிருந்து எடுத்த தாளில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஒளி பட்ட இடங்களில் சில அணுக்களே கொண்ட வெள்ளித் திரள்கள் மட்டும் தோன்றியிருக்கும்; காலிக் அமிலக் கரைசலை மீண்டும் பூசும்போது, அத்திரள்களைச் சுற்றி மேலும் மேலும் வெள்ளி படிந்து ஒளியும் நிழலும் தலைகீழான எதிர்ப்படம் (நெகட்டிவ்) கருமையாக எழும். பின்னர் ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட்டுக் கரைசலில் கழுவி எஞ்சிய அயோடைடை நீக்கி, உப்பும் வெள்ளி நைட்ரேட்டும் ஏற்றிய வேறொரு தாளின் மேல் அழுத்தி வெயிலில் வைத்தால் நேர்ப்படம் கிடைக்கும். முன்பு ஒரு மணி நேரம்கூடத் தேவைப்பட்ட ஒளிப்பதிவை கண்ணுக்குத் தெரியாமல் பதிந்து பின்னர் கரைசலால் வெளிப்படும் இந்த மறைபிம்பம்தான் சில நிமிடங்களாகச் சுருக்கியது.

ஆனாலும் சில நிமிடங்கள் அசையாதிருப்பது எளிதன்று. எனவே பெண்கள் ஒருவர் தோளில் மற்றவர் சாய்ந்தும், கூடையைப் பிடித்தும், சுவரை ஒட்டியும் நிற்கிறார்கள். நட்பின் நெருக்கமாக நாம் காணும் அந்த அமைப்பு, உடலைத் தாங்கும் ஏற்பாடாகவும் இருந்தது. எலிசபெத் ஜான்ஸ்டன் ஹால் என்ற மீன்காரப் பெண்ணின் புகழ்பெற்ற படத்தில் அவர் கேமராவைப் பார்க்காமல் பார்வையைத் தாழ்த்தியிருக்கிறார். இமைகள் தாழ்ந்திருந்தால் வெயிலில் கண் கூசுவதும் குறையும், விழியின் அசைவும் படத்தைக் கலைக்காது.

வெள்ளி அயோடைடு நீலம், ஊதா, புறஊதாக் கதிர்களை மட்டுமே நன்கு உணரும். ஆதலால் கடற்காற்றில் சிவந்த முகங்கள் உள்ளதைவிடக் கருத்தும், பாவாடையின் வெள்ளைக் கோடுகள் பளிச்சென்றும் விழுந்தன. எதிர்ப்படமும் தாளே என்பதால் அதன் இழைகளின் சொரசொரப்பு நேர்ப்படத்திலும் இறங்கி, நுண்விவரங்களை விழுங்கி, ஒளி நிழலின் பெரும் பரப்புகளை மட்டும் விட்டுவைத்தது. வெள்ளி பூசிய உலோகத் தகட்டில் படம் பதியும் டாகெரோடைப் முறையின் துல்லியம் இல்லாத இந்தக் குறையையே ஹில் உயிர்ப்பாகக் கருதினார்; கோடு போட்ட தடித்த துணியும் கூடைப் பின்னலும் இந்தத் தாளுக்கெனவே அமைந்தவை போலப் பதிந்தன.

ஆடம்சன் 1848 ஜனவரியில் 26 வயதில் மறைந்தார். பின்னாளில் ஹில் வேறொரு கலைஞருடன் சேர்ந்து, கண்ணாடித் தகட்டில் எதிர்ப்படம் பதியும் புதிய முறையில் படங்கள் எடுத்தார். அவற்றில் விவரம் கூடியது, நியூஹேவன் படங்களின் ஆழம் வரவில்லை.