கடப்பாடு: ‘ஆப்ளிகேஷன்’ என்பதற்குரிய தமிழ்ச்சொல்

மின்சாரமும் எரிவாயுவும் வழங்கும் நிறுவனங்கள், தம் வாடிக்கையாளர்களுள் வருவாய் குறைந்தோரின் வீடுகளில் ஆற்றல் விரயத்தைக் குறைத்துத் தர வேண்டும், சூரிய மின்சாரத்தின் பயன் அவர்களுக்கும் சேர வழி செய்ய வேண்டும் என்று அரசு சட்டம் இயற்றி விதிப்பதுண்டு. இவற்றுள் ஆற்றல் சேமிப்பு பற்றிய விதிப்புக்குக் கொள்கை ஆவணங்களில் வழங்கும் பொதுப்பெயர் ‘எனர்ஜி எஃபிஷியன்சி ஆப்ளிகேஷன்’. தமிழில் இதைப் பற்றி எழுதுவோர் ‘ஏழைகளுக்கான எரிசக்தி உதவித் திட்டம்’ என்று எழுதிவிட்டுக் கடந்துபோகிறார்கள். பயன்பெறும் குடும்பத்தின் பக்கம் நின்று பார்த்தால் அதில் குற்றமில்லை. ஆனால், இதைச் செய்து தர வேண்டியவர் யார், செய்யாமல் விட்டால் கேட்பது யார் என்ற செய்தி அந்தப் பெயரில் காணாமற் போய்விடுகிறது. மூலச்சொல் பிறந்ததே அந்தச் செய்தியைச் சொல்வதற்குத்தான்.

‘ஆப்ளிகேஷன்’ என்பது ‘ஆப்ளிகாரே’ என்னும் இலத்தீன் வினையின் வழி வந்தது. ‘லிகாரே’ என்றால் கட்டுதல். எலும்புகளை ஒன்றோடொன்று கட்டிவைக்கும் தசைநாருக்கு மருத்துவர்கள் ‘லிகமென்ட்’ என்று சொல்வதும் இதே வேரிலிருந்துதான். கி.பி. 533இல் வெளிவந்த, ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பு, இச்சொல்லுக்குச் ‘சட்டத்தின் கட்டு’ என்றே பொருள் கூறுகிறது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும்வரை ஒருவர் மற்றொருவரோடு கட்டுண்டு கிடக்கிறார் என்பது ரோமானியரின் கருத்து. அதனால் கடமை, கடன் என்னும் இரண்டு பொருளும் இச்சொல்லுக்குள் தொடக்கத்திலிருந்தே சேர்ந்திருந்தன. பிரெஞ்சு மொழியில் இன்றும் கடன்பத்திரத்துக்கு இதுவே பெயர்.

இந்த இடத்தில் தமிழ் வெகு இயல்பாக உடன் வருகிறது. நம் ‘கடன்’ என்னும் சொல்லும் திருப்பித் தர வேண்டிய பொருளையும் செய்தே தீர வேண்டிய செயலையும் ஒருசேரக் குறிப்பது. “வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே” என்று புறநானூறு (312) சொல்லும்போது, கொல்லன் யாரிடமும் பணம் வாங்கியிருக்கவில்லை. அவன் செய்யும் தொழிலே அவன்மேல் ஏற்றிய கடன் அது. மின்சாரம் விற்கும் உரிமையைப் பெற்றவர்மேல் அந்த உரிமையோடு ஒட்டி வரும் பொறுப்பை விளக்க, இதைவிட நெருக்கமான பழைய எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. கடன், கடமை, கடப்பாடு மூன்றும் ஒரு குடும்பத்துச் சொற்கள். இவற்றுள் ‘கடன்’ பேச்சு வழக்கில் வட்டியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘கடமை’ மனச்சான்றின் பக்கம் சாய்ந்துவிட்டது. சட்டம் சுமத்துவதைச் சொல்ல எஞ்சி நிற்பது ‘கடப்பாடு’.

வேறு சொற்களும் முயலப்படுகின்றன. ‘கட்டாயம்’ என்பது வற்புறுத்தலை மட்டுமே காட்டுகிறது, எவருக்குச் செய்ய வேண்டும் என்ற உறவைக் காட்டுவதில்லை. ‘பொறுப்பு’ தளர்வான சொல். வேர்ப்பொருளை அப்படியே பெயர்த்தால் ‘கட்டுப்பாடு’ என்றுதான் வர வேண்டும். ஆனால் அது தடை என்ற பொருளில் நிலைத்துவிட்டதால், ‘மின் நிறுவனங்களுக்கு எரிசக்திச் சேமிப்புக் கட்டுப்பாடு’ என்று எழுதினால் சேமிக்கவே கூடாது என்று தடுத்துவிட்டார்கள் போலும் என்று வாசகர் மயங்குவார்.

சொல்லின் நடைமுறை வரலாறு நீண்டதன்று. பிரிட்டனில் மின்சாரம் வழங்குவோர்மேல் 1994இல் தொடங்கிய சேமிப்பு இலக்குகள் பல பெயர் மாற்றங்களுக்குப் பின் 2013இல் ‘எனர்ஜி கம்பெனி ஆப்ளிகேஷன்’ என்ற பெயரைப் பெற்றன. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலம், மின் தேவையில் ஆண்டுதோறும் ஏற்படும் வளர்ச்சியில் பத்தில் ஒரு பங்கைச் சேமிப்பின் மூலமே ஈடுகட்ட வேண்டும் என்று 1999இல் சட்டம் செய்தது. அமெரிக்க மாநிலங்கள் பொதுவாக ‘ஆப்ளிகேஷன்’ என்று எழுதுவதில்லை. ‘ஸ்டாண்டர்ட்’ (தரநிலை) என்றோ ‘மேன்டேட்’ (ஆணை) என்றோ எழுதுகின்றன. பெயர் எதுவாயினும் சட்ட வாசகத்தில் வரும் வினை, ‘செய்தே ஆக வேண்டும்’ என்னும் பொருள்தரும் ‘ஷேல்’ என்பதே. பழைய ஆங்கிலத்தில் அந்த வினைக்குக் கடன்பட்டிருத்தல் என்று பொருள் என்பதைக் கவனித்தால், சொல் சுற்றிச் சுற்றி அதே வாசலுக்கு வருவது விளங்கும்.

இல்லினாய் மாநிலத்தின் சட்டம் இதைத் தொகையிட்டே சொல்கிறது. முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களைக் கொண்ட மின் நிறுவனம், வருவாய் குறைந்த குடும்பங்களுக்கான சேமிப்புப் பணிகளில் ஆண்டுக்கு 4 கோடி டாலருக்குக் குறையாமல் செலவிட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 2.5 கோடியாக இருந்தது. அதே மாநிலத்தின் ‘சோலார் ஃபார் ஆல்’ திட்டத்தில் சேரும் குடும்பம் முன்பணம் எதுவும் தர வேண்டியதில்லை. பின்னர்ச் செலுத்தும் கட்டணமும், கிடைக்கும் சூரிய மின்சாரத்தின் மதிப்பில் பாதியைத் தாண்டக் கூடாது. கலிபோர்னியாவில் வாடகைக் குடியிருப்புகளுக்கென்று 2015இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமைந்த திட்டத்தில், கூரையில் விளையும் மின்சாரத்தின் பயனில் குறைந்தது 51 விழுக்காடு குடியிருப்போரின் கணக்கில் சேர வேண்டும். கூரை வீட்டுக்காரருடையது, மின் கட்டணம் குடியிருப்பவருடையது என்னும் பழைய சிக்கலை அந்த ஓர் எண் எவ்வளவோ நேர்செய்கிறது.

கடப்பாடு நிறைவேறும் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் பெரிய காட்சி எதுவும் இல்லை. பணியாளர் ஒருவர் வாசற்கதவைத் திறந்து, நிலையை அடைத்தாற்போல் ஒரு துணித் திரையைப் பொருத்தி, அதன் நடுவில் மின்விசிறியை வைத்து வீட்டுக் காற்றை வெளியே இழுக்கிறார். உள்ளே காற்றழுத்தம் வெளியைவிட 50 பாஸ்கல் குறைந்ததும், கண்ணுக்குப் புலப்படாத இடுக்குகளெல்லாம் தம்மைக் காட்டிக் கொடுக்கின்றன: சன்னல் விளிம்பில் கை வைத்தால் குளிர்காற்று விரலில் படுகிறது, சுவரிலுள்ள மின்செருகியின் ஓரத்திலிருந்து காற்று வருகிறது, மச்சுக்கு ஏறும் கதவு மெல்ல அதிர்கிறது. பிறகு அந்த இடுக்குகளை அடைப்பதும், மச்சில் வெப்பக்காப்பு நிரப்புவதும், பழைய குளிர்பதனப் பெட்டியை மாற்றித் தருவதும் நடக்கும். சூரியத் தகடு இதற்குப் பின் வருவதே முறை. ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவானேன்?

இனி, இச்சொல்லின் மிகப் புகழ்பெற்ற ஆட்சிக்கு வர வேண்டும்.

“கைம்மாறு வேண்டா கடப்பாடு மாரிமாட்டு
என்ஆற்றுங் கொல்லோ உலகு” (குறள் 211)

‘தவிரும் தன்மைய அல்ல’ என்பது ‘கடப்பாடு’ என்னும் பெயராலேயே பெறப்படும் என்று பரிமேலழகர் உரை கூறுகிறது. தவிர்க்க முடியாமை என்னும் அந்தப் பாதி, சட்டச் சொல்லுக்கு அப்படியே பொருந்துகிறது. ‘கைம்மாறு வேண்டா’ என்ற அடைமொழிதான் பொருந்தாது. மழை யாரிடமும் கட்டணம் தண்டுவதில்லை; மின் நிறுவனமோ இப்பணிகளின் செலவை எல்லா வாடிக்கையாளரின் மின் கட்டணத்திலும் ஏற்றித் திரும்பப் பெறுகிறது. கலிபோர்னியாவின் மின் ரசீதில் ‘பப்ளிக் பர்ப்பஸ் புரோகிராம்ஸ்’ (பொதுநலத் திட்டங்கள்) என்றொரு வரி தனியே அச்சாகியிருக்கும். வருவாய் குறைந்தோருக்கான திட்டங்களுக்கு நிதி சேரும் வழிகளுள் அது ஒன்று. ஆகவே, செய்து தரும் கடப்பாடு நிறுவனத்துடையது, அதற்கான பொருள் பொதுமக்களுடையது. மழையோடு நிறுவனத்தை ஒப்பிட்டு யாரேனும் பாராட்டுரை எழுத முற்பட்டால் இதை நினைவூட்டலாம். அடைமொழியை நீக்கினாலும் சொல் நிற்கும். வள்ளுவர் அதைச் சேர்க்க வேண்டியிருந்ததே, கைம்மாறு கருதும் கடப்பாடுகளும் உண்டு என்பதற்குச் சான்றாகக் கொள்ளத்தக்கது என்பது என் எண்ணம்.

தொடர்புடைய சொற்களையும் இதனோடு ஒட்டியே ஆக்கிக்கொள்ளலாம். மொத்தத் தொடருக்கு ‘எரிசக்திச் சேமிப்புக் கடப்பாடு’ என்பதும், அதற்கு ஆட்பட்ட நிறுவனத்துக்குக் ‘கடப்பாட்டு நிறுவனம்’ என்பதும் போதும். ‘யூட்டிலிட்டி’ என்பதைப் ‘பயன்பாட்டு நிறுவனம்’ என்று பெயர்ப்பது அகராதியைப் பார்த்துச் செய்யும் தவறு. ‘மின் பகிர்மான நிறுவனம்’ என்றால் யாருக்கும் விளங்கும். எழுதும்போது வினையிலும் கவனம் வேண்டும். ‘நிறுவனம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாக வெப்பக்காப்பு வழங்குகிறது’ என்ற வாக்கியத்தில் நிறுவனம் கொடையாளி ஆகிவிடுகிறது. ‘வருவாய் குறைந்த குடும்பங்களின் வீடுகளில் வெப்பக்காப்புப் பணிகளைச் செய்து தரும் கடப்பாடு நிறுவனத்துக்கு உண்டு’ என்று எழுதினால், அந்தக் குடும்பத்துக்குக் கேட்கும் உரிமை இருப்பதும் வாக்கியத்துக்குள் வந்துவிடும்.