புரைக்கேறி வரும் நியூமோனியா

"அம்மாவுக்குப் பாரிசவாதம். இப்ப நியூமோனியாவும் வந்திட்டுதாம்." யாழ்ப்பாணத்தில் நோயாளி பார்க்கப் போனால் இப்படி ஒரு வசனம் காதில் விழும். கை காலை இழுத்த நோய் நெஞ்சுக்குள் எப்படிப் போனது? விடை நம் வாயிலேயே உள்ள சொல்லில் இருக்கிறது: புரையேறுதல். நாங்கள் புரைக்கேறுறது என்போம்.

பாரிசம் என்றால் பக்கம். தமிழகத்தார் பக்கவாதம் என்பார்கள். நியூமோனியா கிரேக்கச் சொல், நுரையீரலைக் குறிக்கும் 'நியூமோன்' என்பதிலிருந்து வந்தது. தமிழில் நுரையீரல் அழற்சி. அழல் என்றால் நெருப்பு.

நுரையீரல் என்ற பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். நுரைபோலக் காற்று நிறைந்த ஈரல். நல்ல நுரையீரலில் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். நியூமோனியா முற்றிய இடத்தில் காற்றறைகளுக்குள் நீரும் சீழும் நிறைந்து, அந்தப் பகுதி கெட்டியாகித் தாழும். அந்த நிலைக்கு நோயியல் வைத்திருக்கும் பெயரும் கிரேக்கம்தான், 'ஈரலாதல்' என்று பொருள். நுரை போய் ஈரல் மிஞ்சுகிறது! இதைவிடப் பொருத்தமான தமிழ்ப் பெயர் எனக்குத் தெரியவில்லை.

சரி, புரை? குழாய், உள்துளை. சோறோ தண்ணீரோ உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்ப் பக்கம் ஏறுவதுதான் புரையேறுதல். உடனே இருமுவோம், பக்கத்தில் இருப்பவர் உச்சியில் தட்டி "ஆரோ நினைக்கினம்" என்பார். பாரிசவாதத்தில் விழுங்கும் தசைகள் தளர்வதோடு, சிலருக்கு அந்த இருமலும் வராமல் போய்விடும். வாய்க் கிருமிகள் எச்சிலோடு சத்தமில்லாமல் உள்ளே இறங்கும்.

என் பெரியம்மாவுக்குத் தேத்தண்ணியைக் கரண்டியால் பருக்கினோம். இருமவில்லை. "நல்லா விழுங்கிறா" என்று சந்தோசப்பட்டோம். குடித்தபின் குரல் மட்டும் தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல் களகளத்தது. மூன்றாம் நாள் காய்ச்சல். அந்தக் குரல்தான் அறிகுறி என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த வகைக்குப் 'புரையேற்ற நுரையீரல் அழற்சி' என்று எழுதலாம். மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த ஊர்க்காரர் நாங்கள். இந்தச் சொல் நமக்குக் கனமில்லை. பேச்சில் 'புரைக்கேறின நியூமோனியா' போதும். அதைக் கேட்ட வீட்டார், விழுங்கிறதைச் சோதித்துப் பார்க்கும்வரை ஒரு சொட்டும் பருக்கமாட்டார்கள். அப்புறமும் நிமிர்த்தி இருத்தித்தான் கொடுப்பார்கள், வாயையும் துடைத்து விடுவார்கள்.