அப்பா ஏன் திட்டினார்?

வண்டலூர் பூங்காவுக்குப் போய்வந்த நாலு வயதுக் குழந்தையிடம் என்ன நடந்தது என்று கேட்டால், பதில் ஏறக்குறைய இப்படித்தான் வரும்: "ட்ரெயின்ல போனோம். புலி பார்த்தோம். ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். அப்பா திட்டினாரு. வீட்டுக்கு வந்துட்டோம்." எல்லாம் நடந்ததுதான், வரிசையும் சரி. ஆனால் அப்பா ஏன் திட்டினார்? கதை இருப்பது அங்கேதான், குழந்தை தாண்டிப் போனதும் அந்த இடத்தைத்தான்.

1980-களில் உளவியலாளர் டாம் டிராபாசோவும் அவருடைய குழுவினரும் கதைகளைச் சம்பவம் சம்பவமாகப் பிரித்து, எது எதற்குக் காரணம் என்று கோடு போட்டு இணைத்தார்கள். எந்தச் சம்பவத்துக்குக் கோடுகள் அதிகமோ, அதுவே கேட்டவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது, முக்கியமானதாகவும் பட்டது. பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி எந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள் என்பது மறந்துபோகும். காக்கா வாயைத் திறந்தது மறக்காது. அதற்கு முன்னால் நரியின் ஆசை, பின்னால் விழுந்த வடை என்று இரண்டு பக்கமும் பிடிப்பு இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல். நரி பாடச் சொல்கிறது, ஆனால் அதற்கு வேண்டியது பாட்டு இல்லை. காக்காவுக்கு அது தெரியாது. ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று புரிந்தால்தானே இந்தத் தந்திரம் பிடிபடும்? விம்மர், பெர்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1983-இல் இதைச் சோதித்தார்கள். பையன் வெளியே போயிருக்கும்போது அவனுடைய சாக்லேட்டை அம்மா இடம் மாற்றி வைத்துவிடுகிறாள். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக்காரர்கள் பெரும்பாலும் புது இடத்தையே காட்டினார்கள். நாலு, ஐந்து வயதுக்கு மேல்தான் பழைய இடத்தைச் சொல்லும் குழந்தைகள் கூடினார்கள். அதனால் மூன்று வயதில் வடை கீழே விழுந்ததற்கு மட்டும் சிரித்தால் போதும், நரியைப் பற்றிக் குறுக்கு விசாரணை வேண்டாம்.

அப்புறம், கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று கேட்கும் வழக்கம். என்னைக் கேட்டால், நல்ல கதையைப் பரீட்சையாக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. கதையின் நடுவில் நிறுத்தி, "காக்கா ஏன் வாயைத் திறந்துச்சு?", "நரிக்கு என்ன வேணும்?" என்று கேட்கலாம். பூங்காவிலிருந்து திரும்பும்போது தாம்பரம் தாண்டுவதற்குள், "நீ என்ன பண்ணின, அப்பா திட்டினாரு?" என்றும் கேட்கலாம். ஆமாம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்வியாக இருக்கவேண்டும். பதில் வரும்வரை பொறுமையும் வேண்டும், பெரியவர்களுக்கு அதுதான் கஷ்டம்.

கனடாவில் கரோல் பீட்டர்சனும் சக ஆய்வாளர்களும் தாய்மார்களுக்கு இப்படிக் கேட்டுப் பேசப் பழக்கிப் பார்த்தார்கள். ஆய்வு 1999-இல் வெளியானது. பயிற்சி முடிந்த கையோடு குழந்தைகளின் சொல்வளம் கூடியிருந்தது. கதை சொல்வதில் முன்னேற்றம் தெரிந்தது அதற்கும் ஒரு வருடம் கழித்துத்தான்.