முகத்தில் வைத்த கொழுப்பு கரைந்துவிட்டதா?

போன வாரம் ஒரு தம்பி வந்தார். 26 வயது. பைக் விபத்தில் இடது கன்ன எலும்பும் கண்குழியின் வெளிவிளிம்பும் உடைந்து, பிளேட் வைத்துச் சேர்த்திருந்தோம். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. ஆனால் அடிபட்ட வேகத்தில் தோலுக்கடியில் நசுங்கிய கொழுப்பு நாளாக நாளாக வற்றி, கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் பள்ளம் விழுந்திருந்தது. விபத்து நடந்து 11 மாதம் கழித்து, அவர் வயிற்றிலிருந்தே கொழுப்பை எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்தேன். மூன்றாம் மாதம் வரச் சொல்லியிருந்தேன். வரவில்லை. ஐந்தாம் மாதம் வந்தபோது கண்ணுக்குக் கீழே தோல் சிவந்து, தொட்டால் கல் மாதிரி ஒரு கட்டி.

“வச்ச கொழுப்பெல்லாம் கரைஞ்சு போச்சுன்னு நெனச்சேன் சார். தெரிஞ்சவங்க ஒரு இடம் சொன்னாங்க. கரையவே கரையாத மருந்துன்னு சொல்லி ஒரே ஊசியில நெரப்பிட்டாங்க.”

என்ன மருந்து என்று கேட்டேன். தெரியாது. சீட்டு இல்லை, பில் இல்லை, குப்பியில் லேபிள் இருந்ததா என்றுகூட ஞாபகம் இல்லை. கிட்டத்தட்ட இதே கதையோடு இந்த வருடம் என்னிடம் வரும் நாலாவது ஆள் இவர்.

அந்த ஊசிக்கு முந்தின நாள் அவரே எடுத்த செல்ஃபி ஒன்று போனில் இருந்தது. அதை, ஆபரேஷனுக்கு முன்பு நாங்கள் எடுத்த படத்தோடு பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஆபரேஷனுக்கு முந்தின படத்தில் கன்ன எலும்புக்குக் கீழே ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு நிழல் விழுந்திருக்கிறது. செல்ஃபியில் அந்த நிழல் பாதிக்கு மேல் காணோம். நெற்றிப்பொட்டில் துருத்திக்கொண்டிருந்த எலும்பு விளிம்பும் மறைந்திருந்தது. போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். “இவ்ளோ இருந்துச்சா சார்?” என்றார். இருந்தது. அவர் ஒப்பிட்டுப் பார்த்தது விபத்துக்குப் பிறகு இருந்த பள்ளத்தோடு இல்லை, ஆபரேஷன் முடிந்த இரண்டாவது வாரத்தில் வீங்கியிருந்த கன்னத்தோடு.

இதைத்தான் எத்தனை தடவை சொன்னாலும் மனதில் ஏற்ற முடிவதில்லை. முதல் இரண்டு மூன்று வாரம் கண்ணாடியில் தெரிவது உங்கள் புது முகம் இல்லை. அதில் ஒரு பங்கு ஆபரேஷன் வீக்கம். அது எல்லோருக்கும் வடியும். இன்னொரு பங்கு, வைத்த கொழுப்பிலேயே உயிர் பிடிக்காமல் போகப்போகிற பகுதி. அதுவும் குறையும். இவை இரண்டும் போக மிஞ்சுவதுதான் உங்களுடையது. அது என்ன என்று மூன்றாம் மாதத்துக்கு முன்னால் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆறாம் மாதம்தான் உறுதியாகச் சொல்ல முடியும். முதல் மாதத்தில் நன்றாகக் குறைகிறது என்றால் எதுவும் கெட்டுப்போகவில்லை, நடக்கவேண்டியது நடக்கிறது.

எவ்வளவு நிற்கும்? ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும். வைத்ததில் பாதி நின்றால் எங்களுக்குத் திருப்தி. 1950களிலேயே லிண்டன் பியர் என்ற அமெரிக்க சர்ஜன், ஒரு வருடத்தில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சுகிறது என்று எழுதிவைத்தார். அதற்கும் முன்னால், 1893இல் ஜெர்மனியில் குஸ்டாவ் நியூபர், கையிலிருந்து எடுத்த கொழுப்பை முகத்தில் தழும்பு உள்வாங்கிய பள்ளத்தில் வைத்தபோதே, சின்னச் சின்னத் துண்டுகள்தான் பிழைக்கின்றன, பெரிதாக வைத்தால் வீணாகிறது என்று கண்டுகொண்டார். இன்றைக்கும் பலர் இதைக் குழியில் மண்ணைக் கொட்டி மூடுகிற வேலையாகத்தான் நினைக்கிறார்கள்.

இது நாற்று நடுகிற வேலை. நாற்றைக் கட்டோடு கொண்டுபோய்ச் சேற்றில் போட்டால் வேர் பிடிக்குமா? வயிற்றிலிருந்து எடுத்த கொழுப்புக்கு ரத்தக்குழாய் அறுந்துவிட்டது. புது இடத்தில் குழாய் வந்து சேரும்வரை சுற்றியிருக்கும் சதையிலிருந்து ஊறி வருகிற சாரத்தில்தான் அது உயிரோடு இருக்க வேண்டும். அந்தச் சாரம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு ஆழம்கூடப் போகாது. விளிம்பில் இருக்கும் செல்கள் பிழைக்கும். அதற்கு உள்ளே இருப்பவை செத்தாலும், கூடவே வந்த மூலச்செல்கள் அடுத்த சில மாதங்களில் அந்த இடத்தில் புதுக் கொழுப்பை உண்டாக்கும். நட்டநடுவில் இருப்பதற்கு இரண்டும் கிடைக்காது. அது எண்ணெயாகிக் கரையும், அல்லது எண்ணெய்க் கட்டியாக உறைந்து நிற்கும். ஒரே இடத்தில் கொத்தாகக் கொட்டினால் எல்லாமே நட்டநடுதான்.

அதனால்தான் 1 மி.லி. சிரிஞ்சில், மொட்டை முனைக் கேனுலாவில் (மெல்லிய உலோகக் குழாய்), ஒரு தடவைக்கு 0.1 மி.லி.க்கு மேல் போகாமல், கேனுலாவைப் பின்னால் இழுத்தபடியே வைக்கிறோம். கண்ணுக்கருகில் அதைவிடவும் குறைவு. இந்தத் தம்பிக்கு வைத்தது 12 மி.லி. கணக்குப் போட்டுப் பாருங்கள், நூறு தடவைக்கு மேல் உள்ளே போய் வந்திருக்கிறது. அதற்கு முன்னால், எலும்போடு ஒட்டிக்கொண்ட தழும்பை அடியிலிருந்து விடுவிக்க வேண்டும். ஊசி முனையில் நார்கள் ஒவ்வொன்றாக அறுபடும்போது நறநறவென்று விரலுக்குத் தெரியும். அந்த நறநறப்பு நின்ற பிறகுதான் கொழுப்பு வைக்க இடம் கிடைக்கும். அழகுக்காகக் கன்னம் வைத்துக்கொள்கிறவர்களுக்கும் விபத்தில் அடிபட்டவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தழும்பேறிய சதையில் ரத்த ஓட்டம் குறைவு. நிற்பதும் குறைவாகத்தான் நிற்கும். இரண்டு தடவை, சிலருக்கு மூன்று தடவை செய்ய வேண்டிவரும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் குறைந்தது மூன்று நான்கு மாதம், என் வழக்கப்படி ஆறு மாதம். முதல் தடவை தோற்றதால் இரண்டாவது தடவை இல்லை. ஆரம்பத்திலேயே போட்ட திட்டம் அது.

இன்னொன்றும் உண்டு. எலும்பு விலகியே இருந்தால் மேலே எவ்வளவு கொழுப்பு வைத்தும் பயனில்லை. கண்குழியின் தளம் உடைந்து கண் உள்வாங்கியிருந்தால், முதலில் சரிசெய்ய வேண்டியது எலும்பை. சிடி ஸ்கேன் பார்க்காமல் கொழுப்பு வைக்கலாம் என்று சொல்பவரிடம் போகாதீர்கள்.

பெற்றவர்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்பது, “என் உடம்புல எடுத்துக்கோங்க டாக்டர், அவன் ஒல்லியா இருக்கான்.” கேட்கும்போது மனசு கனத்துப்போகும். ஆனால் முடியாது. அம்மாவின் கொழுப்பாக இருந்தாலும் பிள்ளையின் உடம்பு அதை அன்னியமாகத்தான் பார்க்கும், நிராகரித்துவிடும். கவலைப்பட வேண்டாம், எவ்வளவு ஒல்லியான ஆளிடமும் தொடையிலோ வயிற்றிலோ முகத்துக்கு வேண்டிய 10, 20 மி.லி. கிடைத்துவிடும்.

அந்தக் ‘கரையவே கரையாத மருந்து’க்கு வருகிறேன். 1899இல் வியன்னாவில் ராபர்ட் கெர்சூனி என்ற சர்ஜன், மெழுகு போன்ற பாரஃபினை ஊசியால் உடம்புக்குள் ஏற்றத் தொடங்கினார். உலகமே அதன் பின்னால் ஓடியது. சில வருடங்களிலேயே கட்டியும் புண்ணுமாக வரத் தொடங்கி, அந்தக் கட்டிக்கே பாரஃபினோமா என்று பெயர் வந்தது. பிறகு திரவ சிலிகோன் வந்தது. முகத்தை நிரப்ப அதை ஊசியாகப் போட அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதுவரை அனுமதி தரவில்லை. இவை உள்ளே போய்விட்டால் உறிஞ்சி எடுக்க முடியாது, சதையோடு சதையாகப் பின்னிக்கொள்ளும். கன்னத்தில் அதை வெட்டியெடுக்கப் போனால் சிரிக்க வைக்கும் நரம்பின் கிளைகள் வழியில் நிற்கின்றன. கரையாது என்பதை அவர்கள் நல்ல குணமாகச் சொல்லி விற்கிறார்கள். உள்ளே போன எந்தப் பொருளும் பிரச்சினை செய்தால் வெளியே எடுக்க ஒரு வழி வேண்டாமா?

கொழுப்பு மட்டும் ஆபத்தே இல்லாததா என்றால், இல்லை. முகத்தின் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு இணைந்திருக்கின்றன. தவறிப்போய்க் குழாய்க்குள் அழுத்தத்தோடு ஏறினால், அது பின்னோக்கிப் போய்க் கண்ணின் ரத்த ஓட்டத்தை அடைக்கும். புருவ மத்தி, மூக்கு, நெற்றி ஆகிய இடங்கள் ரொம்ப ஆபத்து. பார்வை போகலாம், பக்கவாதம்கூட வரலாம். பள்ளம் நிரப்ப ஊசியில் போடும் ஹயலுரானிக் அமில ஃபில்லரைக் கரைக்க ஹயலுரானிடேஸ் என்ற மருந்தாவது உண்டு. குழாயை அடைத்த கொழுப்புக்கு அப்படி எதுவும் கிடையாது. மொட்டைக் கேனுலா, சின்ன சிரிஞ்ச், குறைந்த அழுத்தம் என்று நாங்கள் பிடிவாதமாக இருப்பது இதற்காகத்தான். கூர் ஊசியில் ஒரே தள்ளாகத் தள்ளுகிறவர் கையில் முகத்தைக் கொடுக்காதீர்கள். முகத்தில் எந்த ஊசி போடும்போதும் கண்ணில் சுளீரென்று வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, தோல் வெளுத்தாலோ, உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த நிமிடமே கண் மருத்துவ வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

ஆபரேஷனுக்கு வருகிறவர்களுக்கு: சிகரெட்டை நான்கு வாரம் முன்பே நிறுத்துங்கள், அதற்குப் பிறகும் நான்கு வாரம் தொடாதீர்கள். ‘ஒண்ணே ஒண்ணு’ என்பதும் கணக்கில் சேரும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மறைக்காதீர்கள், நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். எடையை ஏற்றி இறக்காதீர்கள். வயிற்றிலிருந்து வந்த கொழுப்பு முகத்திலும் வயிற்றுக் கொழுப்பாகத்தான் நடந்துகொள்ளும், நீங்கள் பெருத்தால் அந்தக் கன்னமும் பெருக்கும். கொழுப்பு வைத்த இடத்தில் ஐஸ் வைக்காதீர்கள், மசாஜ் வேண்டவே வேண்டாம், அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்காதீர்கள். ஹெல்மெட் கன்னத்தை அழுத்துகிறதே என்று ஒருவர் கழற்றிவிட்டு ஓட்டியிருக்கிறார். தயவுசெய்து அந்தச் சில வாரம் வண்டியையே எடுக்காதீர்கள். சிவப்பு பரவினாலோ, காய்ச்சல், சீழ் வந்தாலோ, மாதங்கள் கழித்துப் புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலோ ஆபரேஷன் செய்தவரிடமே முதலில் வாருங்கள். மாதம் ஒருமுறை ஒரே ஜன்னல் பக்கம், ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கண்ணாடியை நம்புவதைவிட அதை நம்பலாம்.

கொழுப்பில் ஸ்டெம் செல் (மூலச்செல்) இருக்கிறது, தழும்பே மறைந்துவிடும் என்று விளம்பரம் செய்கிறார்கள். கொழுப்பு வைத்த இடத்தில் தழும்பு மிருதுவாவதை நானே பலரிடம் பார்த்திருக்கிறேன். மறைந்து நான் பார்த்ததில்லை.

ஒரு நொடியில் முகம் மாறிப்போனவருக்கு ‘ஆறு மாதம் பொறு’ என்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். மாஸ்க்கைக் கழற்றாமலே என் எதிரில் உட்கார்ந்து பேசுபவர்கள் உண்டு. கல்யாணத்தை, வேலையைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. அவர்களிடம் ‘பாதிதான் நிற்கும்’ என்று முதல் நாள் சொன்னால் காதில் ஏறாது. இந்தத் தம்பியிடமும் சொல்லியிருந்தேன். இப்போது அதை ஒரு தாளில் எழுதி, கூடவே வேறு ஒருவரின் இரண்டாம் வாரப் படத்தையும் ஆறாம் மாதப் படத்தையும் அவர் அனுமதியோடு காட்டித்தான் அனுப்புகிறேன். இந்த வேலை செய்யும் மற்ற மருத்துவர்களும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தம்பிக்குக் கட்டியிலிருந்து சாம்பிள் எடுத்து அனுப்பியிருக்கிறோம், ஆன்டிபயாடிக் தொடங்கியாயிற்று. சிவப்பு அடங்கியதும் அந்தப் பொருளை முடிந்தவரை எடுக்க வேண்டும். அதோடு நான் வைத்த கொழுப்பும் கொஞ்சம் போகும். எவ்வளவு என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும்.