ஸ்கேனுக்கு முன்னால் ஆஸ்பிரின் வேண்டாம்

வாய் கோணிவிட்டது, கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது. மாரடைப்புக்கு ஆஸ்பிரின் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டதால், பக்கவாதத்துக்கும் அதையே கொடுக்க வீட்டில் யாராவது ஓடுவார்கள். கொடுக்காதீர்கள்.

பக்கவாதம் இரண்டு விதமாக வரும். பெரும்பாலும் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்துக்கொள்கிறது. சிலருக்குக் குழாய் வெடித்து ரத்தம் கசிகிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், சி.டி. ஸ்கேன்தான் பிரித்துச் சொல்லும். கசிவு இருப்பவருக்கு ஆஸ்பிரின் போனால் நிலைமை மோசமாகலாம். விழுங்க முடியாதவருக்குத் தண்ணீரே புரையேறும்.

அடைப்பு என்று உறுதியானால், கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் அல்லது டெனெக்டிப்ளேஸ் ஊசி உண்டு. வழக்கமாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். 108-ஐ அழைத்து, ஸ்கேனும் ஊசியும் உள்ள இடத்துக்கே நேராகப் போங்கள். கடலூர்க்காரர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைதான். "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்று கேட்பார்கள். தூக்கத்தில் வந்திருந்தால், படுக்கப் போன நேரத்தைச் சொல்லுங்கள்.

ஊசி போட்டவருக்கு ஒரு நாள் கழித்து, மறுபடி ஸ்கேன் பார்த்த பிறகே பொதுவாக ஆஸ்பிரின் தொடங்கும். பழைய கட்டியை அது கரைக்காது. ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒன்றோடொன்று ஒட்டத் தேவையான ஒரு நொதியை நிரந்தரமாக முடக்கும். தட்டணுவுக்கு உட்கரு இல்லை, புது நொதி செய்துகொள்ள முடியாது. அது வாழும் ஏழு முதல் பத்து நாளும் அப்படியேதான். பல் பிடுங்குமுன் டாக்டர் இதைக் கேட்பது அதனால்தான்.

இதயம் தாறுமாறாகத் துடிப்பவர்களின் கதை வேறு. மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போகிறது. இங்கே வார்ஃபரின், அசிட்ரோம் போன்றவை வேலை செய்யும். ரத்தம் உறையக் கல்லீரல் செய்யும் புரதங்களுக்கு வைட்டமின் கே வேண்டும். இவை அதற்குத் தடை போடுகின்றன. வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது, 1954-இல் மனிதருக்கு அனுமதி கிடைத்தது! அளவு பிசகினால் ரத்தப்போக்கு. அதனால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் பரிசோதனை, அந்த எண் பெரும்பாலோருக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

அப்புறம், கீரை. முருங்கைக்கீரையில் வைட்டமின் கே நிறைய. ஆடியில் கூழ் ஊற்றும்போது தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு, மறுவாரம் தொடாமலே இருந்தால் ஐ.என்.ஆர் ஏறி இறங்கும். வாராவாரம் ஒரே அளவில் சாப்பிடலாம். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் கீரையைவிட ஆபத்து.

அபிக்ஸபான், டபிகட்ரான் போன்ற புது மாத்திரைகளுக்குக் கீரைக் கணக்கு இல்லை. ஆனால் உலோக வால்வு வைத்தவர்களுக்கு அவை ஆகாது, இன்னும் வார்ஃபரின் வகைதான்.