பிரையன் மே எத்தனை பேர்? ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்தறியும் அறிவியல்

பிரையன் மே என்றால் ராக் இசை கேட்பவர்களுக்கு குயீன் குழுவின் கிதார் கலைஞர் நினைவுக்கு வருவார். 1947-ல் பிறந்த ஆங்கிலேயர். வானியல் படிப்பவர்களுக்கு, சூரியக் குடும்பத்தில் பரவிக் கிடக்கும் தூசியை ஆராய்ந்து 2007-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றவர் நினைவுக்கு வருவார். பழைய ஆஸ்திரேலியப் படங்களில் ஈடுபாடு உள்ளவர்களோ 1979-ல் வெளிவந்த ‘மேட் மேக்ஸ்’ படத்தின் இசையமைப்பாளரைச் சொல்வார்கள்.

துறை மூன்று, ஆட்கள் இரண்டு. கிதார் கலைஞரும் வானியலாளரும் ஒருவரேதான். எழுபதுகளில் குயீன் புகழேறியபோது பாதியில் விட்ட ஆய்வை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் திரும்பப் போய் முடித்தார். ‘மேட் மேக்ஸ்’ இசையமைப்பாளர் வேறு மனிதர். 1934-ல் அடிலெய்டில் பிறந்து 1997-ல் காலமானவர்.

துறையை வைத்து ஆளைப் பிரித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள். கிதாருக்கும் விண்வெளித் தூசிக்கும் எந்த ஒட்டும் இல்லை, ஆனால் ஆள் ஒருவர். கிதாரும் திரையிசையும் அண்டை வீட்டுத் துறைகள், ஆனால் ஆட்கள் இருவர். போதாக்குறைக்கு, 1980-ல் ‘ஃபிளாஷ் கோர்டன்’ படத்துக்கு இசையமைத்தது குயீன் குழு. ஆக ‘1980 வாக்கில், திரையிசை, பிரையன் மே’ என்ற குறிப்பு மட்டும் கையில் இருந்தால் அது இருவருக்குமே பொருந்தும். தேடுபொறிகளும் நூலகப் பட்டியல்களும் ஆய்விதழ்த் தரவுத்தளங்களும் இப்படிப்பட்ட முடிச்சுகளை ஓயாமல் அவிழ்த்துக்கொண்டே இருக்கின்றன.

பெயர்கள் இவ்வளவு மோதிக்கொள்வதற்கு நிகழ்தகவே முதல் காரணம். ஓர் அறையில் 23 பேர் இருந்தால், அவர்களில் எவரேனும் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். ஆண்டுக்கு 365 நாள் இருக்க 23 பேரே போதுமா என்று வியப்பாக இருக்கும். ஆனால் ஒப்பிட வேண்டியது ஆட்களை அல்ல, இணைகளை. 23 பேரில் 253 இணைகள் உண்டு. பெயருக்கும் இதே கணக்குதான். ஒரு சமூகத்தில் 10,000 முழுப்பெயர்கள் சம அளவில் புழங்குவதாக வைத்துக்கொண்டாலும், ஏறத்தாழ 120 பேர் கூடினால் மோதலுக்குப் பாதி வாய்ப்பு வந்துவிடும். நடைமுறையில் பெயர்கள் சம அளவில் புழங்குவதே இல்லை. சில பெயர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும், பல பெயர்கள் ஊருக்கு ஒன்று தேறாது. இந்த ஏற்றத்தாழ்வு மோதலை இன்னும் எளிதாக்குகிறது. தென்கொரியாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கிம்.

ஒரே துறைக்குள் மோதல் வந்தால், பெரும்பாலும் சம்பந்தப்பட்டவர்களே பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். இதற்கு மிக நேர்த்தியான உதாரணம் 1899-ல் நடந்தது. பிரிட்டனில் 24 வயது வின்ஸ்டன் சர்ச்சில் எழுதிய நாவல் அப்போது ஓர் இதழில் தொடராக வந்துகொண்டிருந்தது. நாவல் நன்றாக இருக்கிறது என்று பாராட்டுகள் வரவும் மகிழ்ந்துபோனார். பிறகுதான் தெரிந்தது, அவை அமெரிக்காவில் வின்ஸ்டன் சர்ச்சில் என்ற பெயரிலேயே எழுதிவந்த வேறொரு நாவலாசிரியருக்கு உரிய பாராட்டுகள் என்பது. செயின்ட் லூயிஸ் நகரில் 1871-ல் பிறந்த அந்த அமெரிக்கர் அன்று இவரைவிடப் பலமடங்கு புகழ்பெற்றவர். பிரிட்டன்காரர் அவருக்கு மரியாதையாகக் கடிதம் எழுதினார்: இனி என் நூல்களில் வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில் என்றே கையெழுத்திடுகிறேன். அமெரிக்கர் நன்றி சொல்லிப் பதில் போட்டார். தமக்கும் ஒரு நடுப்பெயர் இருந்திருந்தால் தாமும் சேர்த்துக்கொண்டிருப்பாராம்! பின்னாளில் இருவருமே அரசியலுக்கு வந்தார்கள், இருவருமே ஓவியம் தீட்டினார்கள். பிரிட்டன் பிரதமராகி 1953-ல் இலக்கிய நோபல் பரிசையும் பெற்றவரின் நூல்கள் சிலவற்றில் நடுவே ஓர் எழுத்து நிற்பது அந்தக் கடிதத்தின் மிச்சம்.

ஹாலிவுட் நடிகர் சங்கத்தில் இது விதியாகவே உண்டு. மைக்கேல் கீட்டனின் பிறப்புப் பெயர் மைக்கேல் டக்ளஸ். அந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்ததால் அவர் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. தமிழ்த் திரையில் கணேசன்கள் இருவர் வந்தபோது, ஒருவருக்கு அவர் ஏற்ற வேடமும் மற்றவருக்கு அவர் வேலை பார்த்த ஸ்டுடியோவும் முன்னொட்டாக நின்று சிவாஜி, ஜெமினி என்று பிரித்துக் காட்டின.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் இந்த வேலையை எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்கப் பார்க்க எனக்கு மதிப்பு கூடுகிறது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற பெயரில் ஊர், தொழில், பெயர் மூன்றும் உண்டு. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதில் தந்தை வருகிறார். கபிலர் இருக்க இன்னொருவர் தொல்கபிலர் ஆகிறார். குறுந்தொகையில் பெயரே கிடைக்காத புலவருக்கு அவர் பாட்டின் உவமையையே பெயராக்கிச் செம்புலப் பெயனீரார் என்றார்கள். இன்றைய தரவுத்தளங்கள் தேடுவதும் இதே தடயங்களைத்தான்: இடம், தொழில், உறவு, எழுதிய பொருள்.

துறைவிட்டுத் துறை பெயர் மோதினால் காவல் காக்கும் சங்கம் எதுவும் இல்லை. அந்த வேலை கணினியின் தலையில் விழுகிறது. ஒரு கட்டுரையில் ‘பிரையன் மே’ என்ற பெயரைக் கண்டதும் கணினி முதலில் அந்தப் பெயருக்கு உரியவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுக்கும். அடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு தொடக்க மதிப்பெண். பொதுவாக இந்தப் பெயர் எழுதப்படும்போது எத்தனை முறை இன்னாரைக் குறித்திருக்கிறது என்பதிலிருந்து அது வருகிறது. இந்தப் படியில் புகழ் பெற்றவர் எப்போதும் முந்திக்கொள்வார். மைக்கேல் ஜோர்டான் என்றால் கூடைப்பந்து வீரர்தான். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இயந்திரக் கற்றலின் அடித்தளங்களை அமைத்தவர்களுள் ஒருவரான பேராசிரியர் மைக்கேல் ஜோர்டான் பின்னால் தள்ளப்படுவார். இத்துறை ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி கையாளப்படும் உதாரணமே இந்த இருவர்தான்.

அந்தப் புகழை எதிர்த்து வாதாட வருவது சூழல். பெயரைச் சுற்றியுள்ள சொற்களை ‘மொழி மாதிரி’ எனப்படும் கணினி நிரல் ஒரு நீண்ட எண்வரிசையாக மாற்றுகிறது. ஒத்த சூழல்களில் புழங்கும் சொற்களுக்கு அருகருகான எண்வரிசைகள் கிடைக்கும்படி அது பெருந்தொகையான உரைகளில் பயின்றிருக்கும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு மனிதரைப் பற்றிய விவரமும் அதேபோல எண்வரிசையாகும். இரண்டையும் திசைகளாகக் கருதினால், அவற்றுக்கு இடையிலான கோணம் குறையக் குறையப் பொருத்தம் கூடும். ‘தூசி’, ‘நிறமாலை’ என்ற சொற்கள் அருகில் வந்தால் கணினி ஆஸ்திரேலியரைவிட்டு விலகி லண்டன்காரர் பக்கம் சாயும்.

கூட வரும் பெயர்கள் இதைவிட வலுவான சாட்சி. ‘ஜார்ஜ் மில்லர் இயக்க, பிரையன் மே இசையமைத்தார்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ் மில்லரும் குழப்பமான பெயர்தான். மருத்துவம் படித்துவிட்டு ‘மேட் மேக்ஸ்’ இயக்கியவர் ஒருவர். அதே ஆஸ்திரேலியாவில் படம் இயக்கிய இன்னொரு ஜார்ஜ் மில்லரும் உண்டு. உடனடி நினைவில் ஏழு, கூடக் குறைய இரண்டு உருப்படிகளே நிற்கும் என்று 1956-ல் எழுதிய அமெரிக்க உளவியலாளரும் ஜார்ஜ் மில்லரே. தனித்தனியாகப் பார்த்தால் இரு பெயரும் தெளியாது. சேர்த்துப் பார்த்தால், எல்லா இணைகளிலும் தரவுத்தளத்தில் மிக வலுவான தொடர்பு உள்ள இணை முன்னுக்கு வரும்: ‘மேட் மேக்ஸ்’ இயக்குநரும் அதன் இசையமைப்பாளரும். புகழில் பின்தங்கிய ஆஸ்திரேலிய பிரையன் மே இந்த இடத்தில் ஜெயித்துவிடுகிறார். குழப்பமான இரண்டு பெயர்கள் ஒன்றையொன்று தெளிவாக்குவதை, இந்த முழு முறையிலும் மிக அழகான பகுதி என்பேன்.

தவறுகள் இரு வகை. ஓர் ஆளைப் பலராக உடைப்பது ஒன்று, பலரை ஓர் ஆளாக ஒட்டுவது மற்றொன்று. முதலாவதைத் தவிர்க்க விதியைத் தளர்த்தினால் இரண்டாவது கூடும், இறுக்கினால் முதலாவது கூடும். ஒட்டிப்போன ஆளுக்கு நம் மரபிலேயே பெரிய சான்று ஔவையார். அதியமானைப் பாடிய சங்க ஔவையையும், பல நூற்றாண்டுகள் கழித்து ஆத்திசூடி தந்த ஔவையையும் கதை ஒரே பாட்டியாக்கிவிட்டது. மொழிநடை, யாப்பு, பாடப்பட்ட அரசர்கள் ஆகியவற்றை வைத்தே ஆய்வாளர்கள் அவர்களைப் பிரித்தார்கள்.

கணிதத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. 1887-ல் பிறந்த சீனிவாச ராமானுஜனை அறியாதவர் இல்லை. 1938-ல் சென்னையில் பிறந்து டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றி, 1974-ல் இளம் வயதிலேயே மறைந்த சி.பி. ராமானுஜம் அந்த அளவு அறியப்படாதவர். அவரும் எண்கோட்பாட்டில் ஆழமாக வேலை செய்தவர், இயற்கணித வடிவியலில் அவர் பெயரில் தேற்றம் உண்டு. பெயர்களில் கடைசி எழுத்து மட்டும் வேறு. எழுத்துப் பிழைகளைச் சரிசெய்ய, ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்து மாற்ற வேண்டும் என்று கணினி எண்ணும். இங்கே விடை ஒன்று. இருவருக்கும் சென்னைத் தொடர்பு உண்டு, துறை ஒத்துப்போகும், எழுத்து ஒன்றுதான் வேறு. எனவே பிழை என்று கருதி ஒட்டிவிட எல்லாக் காரணங்களும் உண்டு. கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ.கே. ராமானுஜனைப் பிரிப்பது இதைவிட எளிது. அவர் எழுதியவற்றில் சங்கப் பாடல்கள் இருக்கும், பகா எண்கள் இருக்காது.

ஊகத்தையே தவிர்க்கும் வழி எண். ஆய்வாளர்களுக்காக 2012-ல் தொடங்கிய ஆர்கிட் அமைப்பு 16 இலக்க எண் ஒன்றைத் தருகிறது. அந்த எண்ணில் நாடோ வயதோ துறையோ பொதிந்திருக்காது. ஆகவே ஆள் நாடு மாறினாலும் துறை மாறினாலும் எண் மாறாது. கடைசி இலக்கம் மட்டும் சரிபார்ப்புக்கு. ஆர்கிட் தானே உதாரணமாகக் காட்டும் 0000-0002-1825-0097 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு நீங்களே செய்து பாருங்கள். இடமிருந்து ஒவ்வோர் இலக்கமாகக் கூட்டி, கூட்டியதை இரட்டித்துக்கொண்டே 15 இலக்கம் போக வேண்டும். முதல் ஏழு சுழியங்களில் ஒன்றும் நடக்காது. பிறகு 4, 10, 36, 76, 162, 324, 648, 1314 என்று வரும். 1314-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 5. 12-லிருந்து 5 போனால் 7. கடைசி இலக்கம் அதுவே. யாராவது அவசரத்தில் 1825-ஐ 8125 என்று மாற்றி எழுதினால் மீதி 2 ஆகிவிடும், விடை 10 ஆகும், எண் செல்லாது என்று கணினி உடனே சொல்லிவிடும்.

இந்த எண் யாருக்கும் பயன்படும்தான். தமிழ் ஆய்வாளர்களுக்கோ இது மிக அவசியம். உலக ஆய்விதழ்கள் குடும்பப்பெயர் ஒன்று உண்டு என்ற நினைப்பில் படிவம் வைத்திருக்கின்றன. நமக்கு இருப்பது தந்தை பெயரின் தலைப்பெழுத்தும் சொந்தப் பெயரும். சுந்தரத்தின் மகள் செல்வி என்று ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். படிவத்தில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் அவர் ‘சுந்தரம்’ என்று நிரப்பினால், மேற்கோள் பட்டியலில் ‘சுந்தரம், எஸ்.’ என்று அச்சாகும். உழைத்தவரின் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, அப்பாவின் பெயர் முன்னால் நிற்கும். தங்கை சுமதியும் ஆய்வாளர் என்றால் அவரும் ‘சுந்தரம், எஸ்.’ தான். அடுத்த கட்டுரையில் செல்வி கட்டங்களை மாற்றி நிரப்பினால் ஒரே ஆள் இருவராவார். திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்தை மாற்றிக்கொண்டால் மூவர். ழகரத்தை ஆங்கிலத்தில் ஒருவர் ஓரெழுத்தாலும் இன்னொருவர் ஈரெழுத்தாலும் எழுதுவது தனிக் கணக்கு. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் மேற்கோள் எண்ணிக்கை பார்க்கப்படும் காலத்தில், இது வெறும் அச்சுச் சிக்கல் அல்ல, ஒருவரின் பல ஆண்டு உழைப்பு கணக்கில் வராமலே போகிற விஷயம்.

சீனப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது வெவ்வேறு எழுத்துகளும் தொனிகளும் கொண்ட பல பெயர்கள் ஒரே வடிவில் குவிந்துவிடுகின்றன. அதனால் அமெரிக்க இயற்பியல் கழகம் 2007 இறுதியில் தன் ஆய்விதழ்களில் சீன, ஜப்பானிய, கொரியப் பெயர்களை அவரவர் எழுத்திலும் சேர்த்து அச்சிட வழிசெய்தது. ஆர்கிட் பதிவிலும் பிற பெயர் வடிவங்களைச் சேர்க்கத் தனி இடம் உண்டு. தலைப்பெழுத்து முன்னால் வரும் வடிவம், பின்னால் வரும் வடிவம், தந்தை பெயரை விரித்த வடிவம், தமிழ் எழுத்திலேயே உள்ள வடிவம் எல்லாவற்றையும் அதில் போடலாம். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. முதல் கட்டுரையை அனுப்பும் முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் அச்சான பிறகு பிரிந்துபோன கட்டுரைகளை ஒவ்வொரு தரவுத்தளத்திலும் தனித்தனியாகக் கேட்டுத்தான் ஒன்றுசேர்க்க வேண்டியிருக்கும்.